பாலில்லாத 'சீஸ்' பாண்: சோயாக்கட்டி மொறுமொறுப்பாகச் செய்யும் விதம்



வழக்கமாக நமது போசாக்குப் பாடத்தில் கீரை, பருப்பு, நெத்தலி என்றுதான் எழுதிவருகிறோம். இம்முறை ஒரு 'டவுன் சாப்பாட்டை' எடுத்துக்கொண்டோம். தலைப்பைப் பார்த்துவிட்டு, "சீஸ் பாணா? அதெல்லாம் ஹோட்டல் சமாச்சாரம், நமக்கெதுக்குங்க?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இந்தப் பாணில் சீஸும் இல்லை, பாலும் இல்லை. உள்ளே வைப்பது சோயா அவரையில் நம் கையாலேயே செய்த கட்டி. செய்யக் கற்றுக்கொடுத்தவரும் ஹோட்டல்காரர் அல்ல. நம்மைப் போல லயத்தில் பிறந்து, இன்று வன்னியில் வாழும் ஒரு அம்மா.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது பாரதிபுரத்தில் அவர் வீட்டில் தங்க நேர்ந்தது. அந்த ஊரிலும், மலையாளபுரம், தருமபுரம் போன்ற ஊர்களிலும் மலைநாட்டிலிருந்து போன குடும்பங்கள் நிறைய உண்டு. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியபோது சிலர் போனார்கள். 1977 ஓகஸ்ட் கலவரத்தில் லயங்கள் எரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஓடினார்கள். வவுனியாவில் காந்தீயம் என்ற அமைப்பு அப்படி வந்தவர்களைக் காணிகளில் குடியேற்றியது. அதை நடத்திய டொக்டர் இராஜசுந்தரமும் டேவிட் ஐயாவும் 1983 ஏப்ரலில் கைதானதும், அதே வருசம் ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் டொக்டர் கொல்லப்பட்டதும் வயதானவர்களுக்கு ஞாபகமிருக்கும்.

நாம் சொல்லும் அம்மா 1977இல் பதினொரு வயதுப் பிள்ளையாக அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வவுனியாவில் இறங்கியவர். பேச்சில் பாதி நம்ம ஊர், பாதி வன்னி.

அவரோடு இருப்பது பேத்தி. ஐந்து வயது. வன்னி என்றாலே மாடும் பாலும் தயிரும்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை. "பால் குடுத்தா வயித்தால போகுது பிள்ளையள். பவுடர்ப் பாலும் அப்படித்தான். கிளினிக் கொப்பியில கோடு மேல ஏறவே மாட்டேனெண்டு நிண்டுட்டுது" என்றார். டொக்டரிடம் காட்டியதில், பாலில் இருக்கும் 'லக்டோஸ்' என்ற சீனியைச் சில பேரின் குடல் செரிக்காது, இந்தப் பிள்ளைக்கும் அதுதான் என்று சொன்னாராம். இப்படியான ஆட்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். வயிற்றுப்போக்கு வரும், வயிறு ஊதும்; "காத்துக் கோளாறு" என்று ஓமத்தண்ணி கொடுத்துச் சும்மா விட்டுவிடுவோம்.

இதிலே பேத்திக்கு ஒரு ஆசை. டவுனில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் சீஸ் வைத்து வாட்டிய பாணைப் பார்த்துவிட்டாள். அது வேண்டும் என்று ஒரே அழுகை. அம்மம்மா என்ன செய்வார்? பால் சேராமல் அதே மாதிரி ஒன்றைச் செய்ய வழி தேடியிருக்கிறார். மேல்நாட்டில் பால், முட்டை, இறைச்சி ஒன்றுமே சேராத சாப்பாட்டை 'வீகன்' என்று பெயர் வைத்துப் பெரிய விலைக்கு விற்கிறார்களாம். இந்த அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: பிள்ளை சாப்பிட வேண்டும்.

ஏன் சோயா?

2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த சனத்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 100க்கு 17 பேர். தோட்டங்களில் மட்டும் பார்த்தால் 100க்கு 32 பேர்! ஏறக்குறைய இரண்டு மடங்கு. நமது பிள்ளைகள் சாப்பிடாமல் இல்லை. ரொட்டி சாப்பிடுகிறார்கள், சோறு சாப்பிடுகிறார்கள், வயிறு நிறைகிறது. உடம்பைக் கட்டி வளர்க்கும் புரதம்தான் தட்டில் போதவில்லை.

பால்மாவை நம்பியிருக்கலாம் என்றால், 2021 செப்டெம்பரில் 380 ரூபாயாக இருந்த 400 கிராம் பைக்கற்று 2022 மார்ச்சில் 790 ரூபாய்க்குப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். விலைக்கும் கிடைக்காமல் கியூவில் நின்றோமே!

காய்ந்த சோயா அவரை 100 கிராமில் ஏறத்தாழ 36 கிராம் புரதம் இருக்கிறது. மைசூர்ப் பருப்பில் 24 கிராம் அளவு. அரிசியில் 7 கிராம்தான். தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாவில் சோளத்தோடு சேர்ந்திருப்பதும் இதே சோயாதான். அது 1973இல் தொடங்கிய திட்டம். கடையில் வாங்கும் 'சோயா மீற்' கூட எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்ததுதான். ஆகவே சோயா நமக்குப் புதிதல்ல. அவரையாக வாங்கிச் சமைக்கும் பழக்கம்தான் இல்லை. காரணம், சும்மா அவித்தால் ஒரு பச்சை வாடை. எவ்வளவு அவித்தாலும் பருப்பு மாதிரிக் கரைவதும் இல்லை.

சீனர்கள் இதற்கு இரண்டாயிரம் வருசத்துக்கு முன்பே வழி கண்டுவிட்டார்கள் என்பார்கள். அவரையை அரைத்துப் பால் எடுத்து, அந்தப் பாலைத் திரைய வைத்துக் கட்டியாக்கினார்கள். அதுதான் 'டோஃபு'. மலாயாவுக்கு ரப்பர் வெட்டப் போன நமது ஆட்களின் பிள்ளைகள் இதைத் 'தாஹு' என்று சொல்லிப் பொரித்து, மீ கோரெங்கில் போட்டு வெகு காலமாகச் சாப்பிட்டு வருகிறார்கள். நாம் இந்தப் பாடத்தில் அதைச் சோயாக்கட்டி என்றே சொல்லுவோம்.

சோயாக்கட்டி செய்தல்

கால் கிலோ சோயா அவரை எடுத்து, கல், சொத்தை பொறுக்கி, கழுவி, நிறையத் தண்ணீரில் இரவே ஊறப் போடவும். மலைநாட்டுக் குளிரில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஊற வேண்டும். வன்னி வெயிலில் ஏழெட்டு மணித்தியாலம் போதும். அங்கே இடையில் ஒரு தரம் தண்ணீர் மாற்றாவிட்டால் புளித்து நுரை கட்டிவிடும். ஊறினதா என்று பார்க்க ஒரு அவரையை இரண்டாகப் பிளக்கவும். உள்பக்கம் ஒரே நிறமாக, தட்டையாக இருந்தால் சரி. நடுவில் குழி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும்.

காலையில் ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீர் விட்டு அரைக்கவும். கிரைண்டர் இருந்தால் சுகம், ஆட்டுக்கல்லும் ஆகும். அரைக்கும்போது கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணி விட்டு அரைத்தால் அந்தப் பச்சை வாடை பெருமளவு குறையும். (கிரைண்டர் பிளாஸ்டிக் என்றால் கவனம்! கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு விடவும்.) எல்லாமாக இரண்டு லீட்டர் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது. அரைத்ததைக் கழுவி வைத்த வெள்ளைத் துணியில் ஊற்றி, தேங்காய்ப்பால் பிழிவது போலப் பிழியவும். சக்கையை எறிய வேண்டாம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

இனிப் பாலைக் காய்ச்ச வேண்டும். இந்த இடத்தில் நாம் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டுக்கு வந்து முதல் தரம் செய்து பார்த்தபோது சின்னச் சட்டியில் வைத்துவிட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தோம். சோயாப் பால் பசும்பாலைவிட மோசமாகப் பொங்கும். அடுப்பு அணைந்து, குசினி முழுக்க நுரை! ஆகவே பால் சட்டியில் பாதிக்கு மேல் வராத அளவுக்குப் பெரிய பாத்திரமாக எடுத்து, பக்கத்திலேயே நின்று, அடிப்பிடிக்காமல் துழாவவும். கொதி வந்தபிறகும் இளநெருப்பில் பத்துப் பதினைந்து நிமிசம் கொதிக்கத்தான் வேண்டும். பச்சைச் சோயாவில் புரதம் செரிக்காமல் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அதன் வீரியம் போகும். முதல் நுரை பொங்குவதைப் பார்த்துக் கொதித்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள். அது பொய்க் கொதி.

இறக்கி ஐந்து நிமிசம் ஆறட்டும். ஆவி பறக்க வேண்டும், ஆனால் கொதி அடங்கியிருக்க வேண்டும். நாலு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளியை அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கலந்து, மூன்று தரமாக, சுற்றிவர ஊற்றி, மெதுவாக ஒரே ஒரு தடவை துழாவி விடவும். நாம் அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றிக் கிண்டினோம். கட்டிக்குப் பதிலாக ரவை மாதிரி உதிரிதான் கிடைத்தது. மூடிவைத்துப் பதினைந்து நிமிசம் கழித்துப் பார்த்தால், பால் திரைந்து, மஞ்சளான தெளிந்த நீர் பிரிந்து நிற்கும். நீர் இன்னும் வெள்ளையாகவே இருந்தால் இன்னொரு கரண்டி புளி விடலாம்.

பாரதிபுரத்து அம்மா தேசிக்காய் பாவிப்பதில்லை. அவர் குசினியில் கல்லுப்புப் பையொன்று தொங்குகிறது, கீழே ஒரு சிரட்டை. மழைக்காற்றில் உப்பு கசிந்து சொட்டுச் சொட்டாக ஒரு கசப்பு நீர் சிரட்டையில் சேரும். அதைத்தான் பாலில் விடுகிறார்! ஆனையிறவு பக்கத்தில் இருக்கும் ஊரல்லவா? போரால் மூடிக்கிடந்த அந்த உப்பளத்தில் போருக்குப் பிறகு மறுபடியும் உப்பு விளைகிறது. அந்தக் கசப்பு நீரில் இருப்பது மக்னீசிய உப்பு. ஜப்பான்காரர் இதையே 'நிகாரி' என்று போத்தலில் அடைத்துச் சோயாக்கட்டிக்கு விற்கிறார்கள் என்று நாம் சொன்னதும், "அப்ப என்ர சிரட்டைக்கும் விலையிருக்கு" என்று சிரித்தார். இந்த நீரில் செய்த கட்டி புளிப்பில்லாமல் வழுவழுப்பாக வருகிறது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சிரட்டையிலும் வீரியம் ஒவ்வொரு மாதிரி. தேக்கரண்டி தேக்கரண்டியாகத் தண்ணீரில் கலந்து விட்டு, திரையத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். கூடினால் கட்டி கசக்கும். சாப்பாட்டு உப்பில் சுத்தமாக வடிந்த நீராகவும் இருக்க வேண்டும். பழகும் வரை தேசிக்காயோடு நிற்பதே நல்லது என்பது நமது எண்ணம்.

திரைந்ததைக் கரண்டியால் அள்ளி, துணி விரித்த வடிதட்டில் போட்டு, துணியை மடித்து மூடி, மேலே ஒரு தட்டும் அதன்மேல் ஒன்றரைக் கிலோ அளவுப் பாரமும் வைக்கவும். அம்மிக் குழவி பொருத்தமாக இருக்கும். முக்கால் மணித்தியாலத்தில் வெட்டக்கூடிய கட்டி கிடைக்கும். கால் கிலோ அவரைக்குச் சுமார் 350 முதல் 400 கிராம். நாலைந்து பேருக்குத் தாராளம்.

மொறுமொறுப்பு வருவதற்கு

கட்டியை விரல் தடிப்பில் துண்டு போடவும். சுத்தமான துணியில் ஒற்றி ஈரத்தை எடுக்கவும். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், மொறுமொறுப்பும் வராது. உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், கொஞ்சம் மிளகுதூள் பிரட்டிக் கால் மணித்தியாலம் வைத்து, அதன்பிறகு அரிசி மாவில் இரண்டு பக்கமும் தொட்டெடுக்கவும். தோசைக்கல்லில் இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் காய்ந்தபின் துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, ஒரு பக்கம் நாலைந்து நிமிசம் தொடாமல் விடுங்கள். அடி பொன்னிறமானால் தானே கல்லை விட்டு வரும். அதற்கு முன் கிளறினால் மாவெல்லாம் கல்லோடு போய்விடும்.

'சீஸ்' மாதிரி இழுபடும் கூட்டு

இதுதான் அம்மாவின் கெட்டித்தனம். வன்னியில் மரவள்ளிக்குப் பஞ்சமில்லை. கிழங்கைத் தோல் சீவித் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து பிழிந்து, அந்த நீரை மூன்று மணித்தியாலம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளை மா படியும். மேல் தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும், மரவள்ளியின் நச்சு அதில் இறங்கியிருக்கும். இன்னொரு தரம் தண்ணீர் விட்டுக் கழுவிப் படியவைத்து, மாவைக் காயவைத்து எடுக்கலாம். கடையில் மரவள்ளி மா கிடைத்தால் வேலை மிச்சம். சோள மாவிலும் கெட்டியாக வரும், ஆனால் இழுபடாது.

ஒரு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பாலில் மூன்று மேசைக்கரண்டி மரவள்ளி மா, அரைத் தேக்கரண்டி உப்பு, தட்டிய உள்ளி ஒரு பல்லு, ஒரு சிட்டிகை மஞ்சள். கட்டியில்லாமல் கரைத்தபின்தான் அடுப்பில் வைக்க வேண்டும். இளநெருப்பில் கைவிடாமல் கிண்டினால், முதலில் அங்குமிங்கும் திரளும், பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நிமிசத்தில் முழுவதும் ஒன்றாகி, கரண்டியைத் தூக்கினால் பசை மாதிரி இழுபடும். இறக்கி இரண்டு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி சேர்க்கவும். உண்மையைச் சொன்னால், இதற்குச் சீஸின் ருசி வராது. நூலாக இழுபடும், உப்பும் புளிப்பும் கொழுப்பும் இருக்கும், அவ்வளவுதான். பேத்திக்கு அந்த 'நூல்' வந்தால் போதுமாம்! புரதம் இந்தக் கூட்டில் இல்லை, கட்டியில்தான் இருக்கிறது. 2024 கடைசியில் தேங்காய் விலை ஏறினபோது இந்தக் கூட்டை நிறுத்திவிட்டுச் சம்பலும் கட்டியும் மட்டும் வைத்துக் கொடுத்தாராம். அதிலும் குறையொன்றும் இல்லை.

வாட்டுதல்

உறைப்புக்கு மாசி போடாத கட்டைச் சம்பல்: ஆறேழு செத்தல் மிளகாய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், உப்பு இடித்து, தேசிக்காய்ப் புளி விட்டுக் கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மிளகாய் ஒன்று போதும்.

ஒரு துண்டுப் பாணில் சம்பல், மற்றத் துண்டில் கூட்டு, நடுவில் பொரித்த கட்டி. இரண்டையும் சேர்த்து மூடி, வெளிப்பக்கம் இலேசாகத் தேங்காயெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் வைத்து மேலே தண்ணீர் நிரப்பிய ஒரு சட்டியைப் பாரமாக ஏற்றவும். விறகடுப்பு என்றால் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் வாட்டுங்கள். எரியிற நெருப்பில் பாண் கருகும், உள்ளே சூடேறாது. பக்கத்துக்கு மூன்று நிமிசம். முந்தின நாள் பாண்தான் இதற்கு நல்லது, புதுப் பாண் நசிந்துவிடும். பாண் கிடைக்காத தோட்டத்தில் இரண்டு மெல்லிய ரொட்டிக்கு நடுவில் வைத்து வாட்டலாம். நமக்கென்னவோ ரொட்டியில்தான் ருசி கூடுதலாகத் தெரிந்தது.

கவனிக்கவும்

ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக வீட்டுச் சோயாப் பாலைக் கொடுக்கவே கூடாது. பால் ஒவ்வாத சில பிள்ளைகளுக்குச் சோயாவும் ஒவ்வாது. முதல் தரம் ஒரு சிறு துண்டு மட்டும் கொடுத்து, உடம்பில் தடிப்பு, வாந்தி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள். தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் குளிசையும் சோயாவும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது, நாலு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். பால், முட்டை, மீன், இறைச்சி எதுவுமே சாப்பிடாத வீட்டில் பி12 விற்றமினுக்கு வேறு வழி பார்க்க வேண்டும், சோயாக்கட்டியில் அது இல்லை. மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள்.

மலைக்குக் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பீர்கள். குளிர்ப் பகுதியில் காலையில் பொரித்த கட்டியும் சம்பலும் மத்தியானம் வரை தாங்கும். தேங்காய்ப்பால் கூட்டைக் கொண்டுபோக வேண்டாம். வன்னி வெயிலில் இரண்டையுமே உடனே சாப்பிட்டுவிட வேண்டும். மீந்த பச்சைக் கட்டியைத் தண்ணீரில் மூழ்க வைத்து, பிறிஜ் இல்லாத வீட்டில் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கம் நம்மிடம் பலமாக இருக்கிறது. தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். இரத்தசோகை உள்ள அக்காமார் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேசிக்காய்ப் புளி இதற்கு நேர்மாறு. இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சம்பலில் புளியைக் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம் என்று சொல்வது அதற்காகத்தான்.

சக்கையைப் பற்றிச் சொல்கிறோம் என்றோமே! பால் எடுத்த சக்கையிலும் புரதமும் நார்ச்சத்தும் நிறைய மிஞ்சி நிற்கும். அது வேகாத சக்கை, அப்படியே சாப்பிடக் கூடாது. இரண்டு பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு சக்கை, வெட்டின வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்து ரொட்டி தட்டி, இளநெருப்பில் நன்றாக வேகவிட்டால் அடுத்த நாள் காலைச் சாப்பாடு முடிந்தது. மிச்சத்தை அவித்துக் கோழிக்குப் போடலாம். அம்மா வீட்டில் கோழிகள் அரைக்கும் சத்தம் கேட்டதும் குசினி வாசலுக்கு வந்து நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் பேத்தி, கையில் தட்டோடு.